வீட்டிலேயே கட்டும் முதல் கயாக்: எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். சென்னைக்குத் தெற்கே தனி வீடு, 20 அடி நீளத்துக்குக் கார் நிறுத்தும் இடம். அலமாரி, மேசை எல்லாம் சொந்தமாகச் செய்திருக்கிறீர்கள், அதனால் ரம்பமும் இழைப்புளியும் கைக்குப் புதிதல்ல. எடை 78 கிலோ. முட்டுக்காடு, பழவேற்காட்டில் பறவை பார்த்துப் படம் எடுப்பது, விடுமுறையில் கேரளக் காயல்கள், பிற்பாடு ஒருநாள் கடல் என்று ஆசை. சீடார் மரத்தை மெல்லிய சட்டங்களாகச் சீவி ஒட்டிச் செய்யும் கயாக்கை (உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் ஒல்லியான படகு) வீடியோவில் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. முதல் படகாக அதையே கட்டலாமா, இல்லை பிளைவுட்டில் தொடங்குவதா என்று கேட்கிறீர்கள்.

பிளைவுட்டில் தொடங்குங்கள். 13 முதல் 16 அடி நீளத்தில், பலருடைய கையில் ஏற்கெனவே கட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படகின் வரைபடத்தை வாங்கி, பலகைகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறையில் கட்டுங்கள். அவசரமாகப் பதில் வேண்டும் என்றால் இதுதான் பதில். ஆனால் எந்த முறையில் கட்டுவது என்பதைக் கடைசியாக முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. முதலில் தண்ணீர், அடுத்து உங்கள் உடம்பு, அப்புறம் படகை வைக்கும் இடமும் தூக்கும் வழியும். இவை மூன்றும் தெளிவானால் முறை தானாகவே முடிவாகிவிடும்.

தண்ணீரிலிருந்து வருவோம். முட்டுக்காடும் பழவேற்காடும் ஆழமில்லாத உப்பங்கழிகள். பழவேற்காட்டில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. அடியில் சேறு, மணல், அங்கங்கே கத்தி மாதிரி சிப்பி ஓடுகள். (அங்கே பறவைகள் சரணாலயப் பகுதி இருக்கிறது. எங்கே படகு இறக்கலாம் என்று உள்ளூரிலும் வனத்துறையிடமும் கேட்டுவிட்டுப் போங்கள்.) காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் இந்தத் தண்ணீரில், கோடைக் காலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறிவிடும். திறந்த வெளியில் காற்று வீசினால் சின்ன அலைகள் சரசரவென்று எழும்; இலேசான படகு காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது, அடிப்பகுதியில் அடிபட்டாலும் தாங்கும், காற்றில் ஓரளவு நேராகப் போகும், நிறுத்திவைத்துப் படம் எடுத்தாலும் பதறாத ஒரு படகு. மணிக்கு எவ்வளவு வேகம் என்பது உங்கள் தேவைப் பட்டியலில் கடைசியில் வரட்டும்.

வேகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் 17, 18 அடிப் படகைத் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், அந்தப் படகு சிரமமில்லாமல் எட்டக்கூடிய உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 12 அடிக்கு ஏறக்குறைய 4.6 நாட், 16 அடிக்கு 5.4 நாட். ஆனால் பழக்கமில்லாத ஒருவர் மணிக்கணக்காக ஓட்டக்கூடிய வேகம் 3 நாட் சுற்றித்தான், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். அந்த வேகத்தில் இரண்டு படகுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் நீளமான படகில் தண்ணீரோடு உராயும் பரப்பு அதிகம், மெதுவாகப் போகும்போது அது சுமைதான். கை தேறி, நான்கு நாட் வேகத்துக்கு மேல் விடாமல் ஓட்ட முடிகிற அன்றைக்கு நீளத்தின் பயன் தெரியும். இன்னொன்று, நீளமான படகு நேராகப் போகும், ஆனால் பிச்சாவரம் மாதிரி சுரபுன்னை வாய்க்கால்களில் திருப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

அகலம்தான் உங்கள் நிம்மதியைத் தீர்மானிக்கும் அளவு. 21, 22 அங்குல அகலமுள்ள கடல் கயாக்கில் முதல்முறை உட்காருபவருக்கு இடுப்பிலிருந்து கழுத்துவரை இறுகிவிடும். 24 அங்குலத்தில் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். 28, 29 அங்குலம் என்றால் உட்கார்ந்தவுடன் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அகலமான தட்டையான அடி அசையாமல் நிற்கும், ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால் அலையோடு சேர்ந்து சாயும். ஒரு எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பில்லாமல் கவிழும். குறுகலான படகு எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் சாய்ந்தபின் ஒரு கட்டத்தில் தாங்கிப் பிடிக்கும். காயலுக்கு முதல் வகை, அலைக்கு இரண்டாவது வகை. முதல் இரண்டு வருடம் உங்கள் ஓட்டம் முழுவதும் காயலில்தான் இருக்கப்போகிறது என்பதால் 24-க்குக் குறையாமல் எடுங்கள். கடலுக்கு இன்னொரு படகு கட்டுவீர்கள். ஒன்று கட்டியவர் ஒன்றோடு நிறுத்திய கதை குறைவு.

மூடிய மேல்தளம் பற்றியும் யோசிக்க வேண்டும். கயாக்கில் கடல் வேட்டைக்குப் போன கிரீன்லாந்துக்காரர்கள் இடுப்பைச் சுற்றித் தோலைக் கட்டிக்கொண்டு படகோடு ஒன்றாகிப் போனதற்குக் காரணம் அந்தக் கடலின் குளிர். உள்ளே தண்ணீர் புகுந்தால் உயிர் போகும். நம் பக்கத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. இங்கே இறுக்கமான சின்ன வாய் (இறங்கி உட்காரும் திறப்பு) வைத்த கயாக்கில் காலை எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்தால் கால்கள் வெந்துவிடும். அதனால் பெரிய வாய் வைத்த வடிவத்தை எடுங்கள், சட்டென்று ஏறலாம், இறங்கலாம், காற்றும் வரும். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: முன்னாலும் பின்னாலும் நீர் புகாத தடுப்புப் பலகை வைத்து இரண்டு காற்று அறைகள் கட்டாயம் இருக்க வேண்டும். தடுப்பில்லாத கயாக் கவிழ்ந்தால் சில நூறு லிட்டர் தண்ணீர் உள்ளே போய்விடும். அதைத் தண்ணீரில் நின்றுகொண்டு தனியாளாகக் காலி செய்ய முடியாது. வரைபடத்தில் தடுப்பு இல்லையென்றாலும் நீங்கள் வையுங்கள்.

அடுத்து உடம்பு. வரைபடம் விற்பவர்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு வரம்பு கொடுப்பார்கள். அந்த வரம்பின் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். உங்கள் 78 கிலோ, படகு ஏறக்குறைய 22, தண்ணீர், சாப்பாடு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஒரு 10. ஆக 110 கிலோ. அதாவது படகு 110 லிட்டர் தண்ணீரை விலக்கி மிதக்கும்போது வடிவமைத்தவர் வரைந்த கோட்டில் நிற்க வேண்டும். வரம்பின் மேல்முனையில் இருந்தால் படகு அமிழ்ந்து கனமாக நகரும். கீழ்முனையில் இருந்தால், ஆபத்தில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் படகு தண்ணீருக்கு மேலே அதிகம் நின்று காற்று அடிக்கிற பக்கம் ஓடும். அப்புறம் உங்கள் கால் அளவு. நீட்டி உட்கார்ந்தபடி பாதம் நிமிர்ந்து நிற்க உள்ளே எத்தனை உயரம் வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள். பெரிய பாதம் உள்ளவர்கள் இதைக் கவனிக்காமல் மெல்லிய அழகான படகைக் கட்டிவிட்டு அதற்குள் காலை நுழைக்க முடியாமல் நிற்பதுண்டு.

கிரீன்லாந்தில் இந்த அளவுகளை உடம்பிலிருந்தே எடுத்தார்கள். கைகளை விரித்தால் வரும் அளவின் மூன்று மடங்கு நீளம், இடுப்பு அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்தால் படகின் அகலம். படகு என்பது ஒருவருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த உடுப்பு. வீட்டில் கட்டுவதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: இருக்கையின் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் உங்கள் உடம்புக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் படகின் அடிப்பகுதியின் வடிவத்தில் கை வைக்க வேண்டாம். இரண்டு அங்குலம் அகலம் கூட்டினால் என்ன, ஒரு அடி குறைத்தால் என்ன என்று தோன்றும். வளைவுகள் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. முதல் படகில் வரைபடத்தை அப்படியே நம்புங்கள்.

இடம் விஷயத்தில் உங்களுக்குக் கவலையில்லை. 16 அடிப் படகுக்கு இரு முனையிலும் ஆள் நகர இரண்டு அடி விட்டால் 20 அடி சரியாக இருக்கும். அடுக்குமாடியில் இருந்து இதைப் படிப்பவர்கள், முதலில் ஒரு 14 அடி மூங்கில் கழியை எடுத்து அறையிலிருந்து படிக்கட்டு வழியாகத் தெருவரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். கழி திரும்பாத திருப்பத்தில் படகும் திரும்பாது. தூக்குவதைப் பொறுத்தவரை, தனியாளாகத் தோளில் வைத்துக் கார்மேல் ஏற்ற 20 கிலோ சுற்றி ஒரு எல்லை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவும், "இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் போகலாம்" என்று உங்களைச் சொல்லவைக்கும்.

இப்போது கட்டும் முறைகளுக்கு வரலாம். நீங்கள் ஆசைப்படும் சீடார் முறை உண்மையில் அழகானது, அதில் சந்தேகமேயில்லை. படகின் குறுக்குவெட்டு வடிவங்களைப் பலகையில் அறுத்து, ஒரு அடிக்கு ஒன்றாக நிறுத்தி, அவற்றின் மேல் கால் அங்குலத் தடிமனுள்ள சட்டங்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே வருவார்கள். எல்லாம் முடிந்தபின் இழைத்துத் தேய்த்து, உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்டுவார்கள். பலம் அந்த இரண்டு துணி அடுக்கில் இருக்கிறது. நடுவில் உள்ள மரத்தின் வேலை அவற்றைத் தள்ளித் தள்ளிப் பிடித்திருப்பது. எந்த வளைவும் சாத்தியம், எடையும் குறையும். ஆனால் 200, 300 மணி நேர வேலை. சட்டம் சீவ நல்ல மேசை ரம்பம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மரம். வட அமெரிக்க மேற்குக் கரையின் சிவப்பு சீடார் ஒரு கன மீட்டர் 370 கிலோ சுற்றி; முடிச்சில்லாமல் நீள நீளமாகக் கிடைக்கும். அங்கே இந்த முறை வளர்ந்ததற்கு அந்த மரமும் ஒரு காரணம். நம்மூரில் தேக்கு இதற்கு ரொம்பக் கனம். இலேசான மரம் என்று பார்த்தால் மலைவேம்பு இருக்கிறது, இறக்குமதி பைன் இருக்கிறது. முடிச்சில்லாத, நன்றாக உலர்ந்த, நீளமான பலகையாக அவற்றைத் தேடிப் பிடிப்பதே ஒரு தனி வேலை. இரண்டாவது படகுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எபாக்ஸியும் துணியும் உங்கள் கைக்கு வந்திருக்கும், மரக்கடைக்காரரும் பழக்கமாகியிருப்பார்.

சட்டகத்தின் மேல் துணி போர்த்தும் முறை வேறு உலகம். மரச் சட்டகத்தை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டி, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியை இழுத்துத் தைத்து, மேலே பாலியூரிதேன் பூசுவார்கள். கிரீன்லாந்துக்காரர்கள் கடலில் ஒதுங்கிய மரத்தையும் சீல் தோலையும் வைத்துச் செய்ததன் நேர் வாரிசு இது. 1905-இல் மியூனிக்கில் ஆல்ஃபிரெட் ஹோய்ரிக் என்ற கட்டடக் கலை மாணவர் மூங்கிலும் துணியும் வைத்து மடக்கக்கூடிய கயாக் ஒன்றைச் செய்து ஈசார் ஆற்றில் ஓட்டினார். இரண்டு வருடம் கழித்து அதன் உரிமையை வாங்கிய தையற்காரர் யோஹான் க்ளெப்பர் அதைப் பெரிய தொழிலாக்கினார். மூன்று முறைகளிலும் இதுதான் இலேசு, 15 கிலோவுக்குள் முடித்துவிடலாம். எபாக்ஸி நெடியும் தூசியும் கிடையாது. மாடிக் குடியிருப்பில் இருப்பவர் கேட்டிருந்தால் நான் தயங்காமல் இதைச் சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்லாததற்கு ஒரே காரணம் சிப்பி. நல்ல நைலான் நாம் நினைப்பதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும், ஆனால் சேற்றில் செங்குத்தாக நிற்கும் சிப்பி ஓட்டின் மேல் 78 கிலோ எடையோடு இழுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? தவிர, இந்தப் படகில் தடுப்புப் பலகை வைக்க முடியாது. முன்னும் பின்னும் காற்றுப் பைகளை அடைத்தே ஆக வேண்டும்.

மிச்சமிருப்பது தைத்து ஒட்டும் முறை. 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பக்கங்களை வரைந்து அறுத்து, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தால் பலகைகள் தாமாகவே வளைந்து படகு வடிவத்துக்கு வந்துவிடும். உள்மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியை வழித்து, அதன்மேல் கண்ணாடியிழைப் பட்டையை ஒட்டிக் காயவைத்தபின் கம்பியை உருவிவிடலாம். வெளிப்பக்கம் முழுவதும் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணி. இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்ற பள்ளி ஆசிரியர் கயாக் கட்டுவதற்காகத்தான் இதை உருவாக்கினார். 1962-இல் தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் இதே முறையில் மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகை வடிவமைத்தார்கள். மரவேலை தெரியாதவர்களை மனதில் வைத்துச் செய்த படகு அது; உலகம் முழுக்க 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. இந்த முறையை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தப் படகுதான். பலகையைத் தைத்துப் படகு செய்வது நம் கரைக்கும் புதிதல்ல. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான். அங்கே கயிறு கடைசிவரை படகைப் பிடித்திருக்கும், அலையில் மோதும்போது பலகைகள் விட்டுக்கொடுத்து நெளியும். இங்கே கம்பி ஒட்டு காயும்வரைக்கும்தான்.

ஏறக்குறைய 100 மணி நேரம் ஒதுக்குங்கள். வார இறுதிகளில் செய்தால் மூன்று, நான்கு மாதம்.

எந்த வரைபடம்? அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸில் இருக்கும் செசபீக் லைட் கிராஃப்ட் நிறுவனத்தின் இரண்டு வடிவங்களை உங்களுக்காக நினைத்துப் பார்க்கிறேன். ஒன்று மில் கிரீக் 13. பதின்மூன்று அடி, 29 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே அகலம், பெரிய திறந்த வாய். காயலும் வாய்க்காலும் பறவையும் மீனும் என்றால் இது போதும். இன்னொன்று செசபீக் வரிசையில் 16 அடிப் படகு. அடிப்பகுதிக்கு இரண்டு, பக்கங்களுக்கு இரண்டு என்று நான்கே பலகைகள், அடியும் பக்கமும் சேரும் இடத்தில் ஒற்றை மடிப்பு, மேல்தளத்துக்கு ஒரு பிளைவுட்டை வளைத்து ஓரங்களில் வெண்கல ஆணி அடித்தால் முடிந்தது. அதே வடிவம் 14, 17, 18 அடிகளிலும் இருப்பதால் எடைக்கேற்ற அளவைப் பார்த்து எடுக்கலாம். கடல் ஆசை வெறும் பேச்சில்லை என்றால் இரண்டாவதை எடுங்கள். உறுதியில்லை என்றால் 13. என்னைக் கேட்டால் நீங்கள் எழுதியதில் பறவையைப் பற்றி நாலு வரி இருக்கிறது, கடலைப் பற்றி ஒரே வரி. 13 என்றுதான் சொல்வேன். பார்வைக்கு இன்னும் வழவழப்பான, ஆறு எட்டுப் பலகைகள் சேர்ந்த வடிவங்களும் உண்டு. பலகை கூடக் கூடத் தையலும் மூலை வேலையும் கூடும்.

அறுத்துத் தயாராக வரும் கிட் வாங்க வேண்டாம். அங்கேயே ஆயிரம் டாலரைத் தாண்டும், கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்த்தால் நியாயமில்லாத தொகை. முழு அளவு வரைபடத் தாள்களை மட்டும் வாங்கி, பலகையை இங்கே பாருங்கள்.

பலகையில்தான் நம்மூர்க்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் ஒக்குமே என்ற இலேசான ஆப்பிரிக்க மரத்தின் பிளைவுட்டை வைத்து எடை சொல்கின்றன. அது எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று, 4 மில்லிமீட்டரில், 6 கிலோ சுற்றி இருக்கும். நம் கடைகளில் மரைன் பிளை என்று கிடைப்பது பெரும்பாலும் குர்ஜன் முதலான கனமான மரங்களில் செய்தது. அதே ஷீட் எட்டு, எட்டரை கிலோவுக்குப் போகும். மூன்று ஷீட் செலவாகும் படகில், கழிவு போக, ஐந்து கிலோவுக்கு மேல் கூடிவிடும். ஒக்குமே பிளைவுட்டை இறக்குமதி செய்பவர் கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள பலகை. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனை உண்டு. முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை வாங்கி வந்து நீங்களே கொதிக்கவையுங்கள். அடுக்கு பிரியாமல் இருந்தால் ஒட்டு நல்லது. ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள், நடு அடுக்கில் ஓட்டை தெரிந்தால் வேண்டாம். அந்த இடத்தில் வளைக்கும்போது முறியும். 8 அடி ஷீட்டுகளைச் சேர்த்து நீட்ட, முனைகளைத் தடிமனின் எட்டு மடங்குக்குச் சரிவாக இழைத்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்ட வேண்டும், 4 மில்லிமீட்டருக்கு 32. ஷீட்டுகளைப் படிப்படியாகத் தள்ளி அடுக்கிவைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழைத்துவிடலாம். பலகையின் ஒட்டுக் கோடுகள் நேராகத் தெரிகிறதா என்று பார்த்தாலே சரிவு சரியா என்று கண் சொல்லிவிடும்.

ஃபைபர் வேலை செய்யும் கடைகளில் பாலியெஸ்டர் ரெசின் போதும், பாதி விலைதான் என்பார்கள். கேட்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் ஃபைபர் படகுக்கும் அது சரி. மரத்தை அது எபாக்ஸி மாதிரி பிடிக்காது, நாளடைவில் துணி உரிந்துவரும். லேமினேஷனுக்கான, அதாவது துணியை ஒட்டுவதற்கான எபாக்ஸி 8 முதல் 10 கிலோ வாங்குங்கள்; அதோடு கலக்கும் ஹார்ட்னர் மெதுவாக இறுகவைக்கும் வகையாக இருக்கட்டும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் எபாக்ஸி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குறிப்பேட்டில் நாற்பது நிமிடம் என்று இருந்தால் சென்னை மே மாதத்தில் பதினைந்து நிமிடம்கூடக் கிடைக்காது. கப்பிலேயே கொதித்துப் புகைந்துவிடும். சின்னச் சின்ன அளவாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிவையுங்கள். இன்னும் எதுவும் பூசாத வெறும் மரத்தில் முதல் பூச்சை மாலையில் பூசுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழி குமிழியாக மேலே வரும். மாலையில் மரம் குளிர்வதால் எபாக்ஸியை உள்ளே இழுக்கும். ஈரக் காற்றில் காய்ந்த பூச்சின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது.

கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடவே வேண்டாம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம் போக முடியாது. கையில் பட்டதைத் தின்னரால் துடைத்தால் தோலுக்குள்தான் போகும். வினிகரில் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். முழுதாக இறுகாத பூச்சைத் தேய்க்கும் தூசிதான் இருப்பதிலேயே கெட்டது, நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் நாட்டுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். கருநிற மேல்தளம் நம் வெயிலில் அந்த வெப்பத்தைச் சுலபமாக எட்டிவிடும். மரத்தின் நிறம் தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால் மேல்தளத்துக்கு மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் அடித்து எப்போதும் நிழலில் வையுங்கள். அடிப்பகுதிக்கு வெள்ளை பாலியூரிதேன் பெயின்ட். வெறும் எபாக்ஸியை வெயிலில் விட்டால் மஞ்சளாகிப் பொடிந்துபோகும். இரண்டாவது, தடுப்புப் பலகைகளில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டரில் ஒரு ஊசித் துளை போடுங்கள். மூடிய அறைக்குள் காற்று சூடாகி விரிந்தால் போக வழி வேண்டும், இல்லையென்றால் மூடியையோ ஒட்டையோ தள்ளிவிடும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வருவது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது.

எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எபாக்ஸி வேலை வேண்டாம். அந்த மாதங்களில் வரைபடத்தை வரவழைத்து, பலகை தேடி, ஒரு துடுப்பு செதுக்குங்கள். கிரீன்லாந்துத் துடுப்பு ஒரே மரத்தில் செய்யலாம்: கை விரித்த அளவோடு முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் சேர்த்தால் நீளம், உங்கள் விரல்கள் வளைத்துப் பிடிக்கிற அளவு இலையின் (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) அகலம். முடிச்சில்லாத பைன் ஒன்று, இழைப்புளி, ஒரு வாரம். மெல்லிய இலை காற்றில் இழுக்காது, தோளுக்கும் இதம். கோவளம் பக்கமோ பிச்சாவரத்திலோ வாடகைக்குக் கிடைக்கும் படகுகளில் உட்கார்ந்து பார்ப்பதும் அப்போதே ஆகட்டும். 24 அங்குலமும் 29 அங்குலமும் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் 13-ஆ 16-ஆ என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது. பொங்கல் முடிந்ததும் பலகையில் கோடு போட்டால், வெயில் ஏறுவதற்குள் துணி ஒட்டும் வேலை முடிந்து, சித்திரையில் பெயின்ட் காய்ந்திருக்கும்.

முதல்முறை இறக்கும்போது இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். வெளியே வருவது, நிமிர்த்துவது, திரும்ப ஏறுவது எல்லாம் பழக வேண்டியவை. கரைக்கு வந்ததும் இரண்டு மூடிகளையும் திறந்து அறைகளைப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நல்லது. கையில் வழிக்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் பெரும்பாலும் தடுப்புப் பலகை மேல்தளத்தைத் தொடும் ஓரத்தில், கை எட்டாமல் பூசிய இடத்தில்தான் இடைவெளி விட்டிருக்கும். காயவைத்து, உப்புத்தாள் போட்டு, மரத்தூள் கலந்த எபாக்ஸியை விரலால் இன்னொருமுறை வழித்துவிட்டால் அடைந்துவிடும்.